தூளி கட்ட உத்திரம் இல்லை

ஐப்பசி, செவ்வாய் இரவு

போன புயலில் தகரக் கூரை பறந்த மொட்டைமாடியில், இவர் இரும்புப் பைப்புகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, மேலே தகடு போர்த்தி, பாதிப் பந்து போல ஓர் அறை கட்டி முடித்துவிட்டார். கத்திவாக்கத்தில் வேறு யார் வீட்டிலும் இப்படி இல்லை. இன்று அத்தை வந்து பார்த்தார்.

"இன்னாடா இது, மீன்கூடையக் கவுத்து வச்ச மாரி கீது? புள்ளைக்குத் தூளி எங்க கட்டுவ, உன் தலைலயா?"

சிரித்துவிட்டேன். ஆனால் என் பயமும் அதுதான். உத்திரம் இல்லை, நடுவில் தூண் இல்லை. உச்சியில் ஐந்து பைப்புகள் சேரும் ஒரு முடிச்சு மட்டும்.

"மூலையே இல்லம்மா, காத்து எத்தப் புடிச்சுத் தூக்கும்?" என்று சொல்லிக்கொண்டே இவர் அந்த முடிச்சைப் பிடித்துத் தொங்கினார்.

"எறங்குடா கொரங்கே!"

நான் இயற்பியல் படித்தவள். முக்கோணம் கோணாது, ஒரு முனையில் ஏறும் பாரத்தை எல்லாப் பைப்புகளும் பங்குபோட்டுத் தரைக்குக் கொண்டுபோகும் என்று பரீட்சையில் எழுதிவிடலாம். உச்சி முடிச்சில் தூளி கட்டிப் பாப்பாவைத் தொங்கவிடும்போது அந்தப் படிப்பு உதவவில்லை. தூளிக்கு அடியில் மெத்தையை விரித்துவைத்தேன்.

இப்போது அவள் அதில் தூங்குகிறாள். வெளியே கடல்காற்று பலமாக அடிக்கிறது. தரையோரம் இருக்கும் பைப்பில் கை வைத்துப் பார்த்தேன். தூளி ஆட ஆட, அது மெல்ல அதிர்ந்தது. பக்கத்துப் பைப்பும் அப்படியே. எதிர்ப்பக்கம் போய்த் தொட்டேன். அங்கேயும் என் பிள்ளையின் கனம் கொஞ்சம் வந்திருந்தது.

மெத்தையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அதில் நானே படுத்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு கை பைப்பின்மேல்.