இருட்டாத ஊருக்கு எடுத்துப்போன மாத்திரை

பரண் ஒழுகுகிறது. நேற்றைய மழையில் நீலப் பெட்டியின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறி இறக்கினேன். உள்ளே ஈரம் போயிருக்குமோ என்று திறந்து உன் புடவைகளை எடுத்து உதறினால், மடிப்புக்குள்ளிருந்து ஒரு டப்பா உருண்டு விழுந்து கலகலத்தது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பா. அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்க நம் இரண்டு பேருக்கும் தெரியாது, எலும்புப் படத்தை வைத்துத்தான் அடையாளம். உள்ளே இருப்பது அந்த மாத்திரை இல்லை என்பது மட்டும் உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். மூடியைத் திருகியதும் அந்தக் கசந்த வாடை மூக்கில் ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை நான் சொல்லச் சொல்ல, படப்பையில் பத்திரம் எழுதுகிறவர் எழுதுகிறார். நம் நிலத்தை விற்றபோது எழுதினாரே, அவர்தான். "யாருக்குன்னு போடணும் பெரியவரே, பேரு சொல்லுங்க" என்றார். பேர் வேண்டாம் என்றேன். "பேரு இல்லாம நான் எதையும் எழுதினதில்லையே" என்று சிரித்தார். "செத்தவங்களுக்கு எழுதினது உண்டா சாரே?" என்று கேட்டேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. என் பேச்சை அவர் ஒழுங்கு பண்ணித்தான் எழுதுகிறார். எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

உனக்கு வலிப்பு வரும் என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உன் அப்பன் மறைத்துக் கட்டிக்கொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லி உன்னை எத்தனை நாள் குத்தியிருக்கிறேன். "ஏமாத்திட்டான்மே உங்கப்பன்" என்பேன். "கட்னவன் நீ தானே, கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி?" என்பாய். வாய்க்கு நீ குறைந்தவள் இல்லை. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மகளுக்கு இரண்டு வயது ஆவதற்குள் வலிப்பு நின்றது. நின்றது நின்றதுதான், இருபத்தைந்து வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரையை நீயும் ஒரு வேளை தவறவிட்டதில்லை.

கடிகாரம் பார்க்க உனக்குத் தெரியாது, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. காலையில் ஷிஃப்ட் ஆட்களை ஏற்ற கம்பெனி பஸ் தெருமுனையில் ஆரன் அடித்தால் ஒன்று. சாயந்திரம் ஆட்களை இறக்கிவிட்டு அது திரும்பும்போது ஒன்று. நாம் வாடகைக்கு விட்ட வீட்டுப் பையன்கள் எல்லாம் அந்தப் பஸ்ஸுக்கு ஓடும்போது நீ தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நிற்பாய். "நானும் ஷிஃப்ட்டுக்குத்தாண்டா போறேன்" என்பாய். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

உன் அப்பனைத் திட்டிய அதே வாயால் நானும் மறைத்தேன். மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள், "உங்க குடும்பத்துல சுகரு, வேற ஏதாச்சும் யாருக்காவது உண்டுங்களா?" என்று. "அப்படின்னா இன்னான்னே எங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். கூடமே சிரித்தது. நீ மட்டும் காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மகளுக்கே நாம் சொல்லவில்லையே. அம்மா நரம்புக்கு ஏதோ சத்து மாத்திரை போடுகிறாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. மகளுக்குத் தலைப்பிரசவம் அங்கேயே என்று ஆனது. தாய் போகாமல் யார் போவார்கள்? வாடகை வீடுகளை யார் பார்ப்பது என்று நான் நின்றுகொண்டேன். வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஒரே ஒரு தடவை திருப்பதி, இவ்வளவுதான் நீ பார்த்த உலகம். "ஏரோப்ளேன்ல கக்கூஸ் கீதா இல்லியா, அத்த கேட்டுச் சொல்லுய்யா மொதல்ல" என்றாய்.

டாக்டரம்மா நல்லபடியாகத்தான் சொன்னார்கள். "மாத்திரைய அட்டையோட கைப்பையில வெச்சுக்கோங்கம்மா. இங்கிலீஷ்ல லெட்டர் எழுதித் தரேன், அதுவும் கூடவே இருக்கட்டும். அங்க நேரம் மாறும். உங்க பொண்ணுகிட்ட சொல்லி, எத்தன மணிக்குப் போடணும்னு குறிச்சுக்கோங்க." பொண்ணிடம் சொல்லி! அது ஒன்றுதான் நடக்காது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தலையாட்டிவிட்டு வந்தோம். லெட்டரை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாப்பிள்ளை படித்தவர், அட்டையைப் பார்த்தால் என்ன மாத்திரை என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் மூன்று மாசத்துக்கான நூற்றியெண்பது மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி இந்த டப்பாவில் போட்டோம். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, மொச்சை உரிக்கிற மாதிரி.

மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தைக்கு இன்சூரன்ஸ் எடுக்கறேன் மாமா. பழைய வியாதி ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லிடுங்க." "ஒண்ணுமில்ல மாப்ள, கல்லு மாதிரி கீறாங்க உங்க அத்த" என்றேன். நீ பக்கத்தில் வசம்பும் சுக்கும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டிருந்தாய். போனை வைத்ததும் கேட்டாய், "அங்க கம்பெனி பஸ்ஸு வராதேய்யா. நான் எத்தப் பாத்து மாத்திர போடறது?"

"விடிஞ்சா ஒண்ணு, இருட்னா ஒண்ணு. சூரியன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானேமே" என்றேன்.

நான்தான் சொன்னேன். பெரிய ஞானி மாதிரி சொன்னேன்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் உனக்குச் சக்கர நாற்காலி வண்டி வந்து நின்றது. நீ வழி தெரியாமல் தவிக்கக் கூடாது என்று மகள் ஏற்பாடு செய்திருந்தாள். இங்கிலீஷ் தெரியாத தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம். நல்ல காலோடு பத்துப் பேர் வரிசையாக வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். "நல்லா நடக்கறவளுக்கு இன்னாத்துக்குய்யா இது?" என்று கூசினாய். "உக்காருமே, ராணி மாதிரி போ" என்றேன். தள்ள வந்தவர், "முட்டி வலியாம்மா?" என்று கேட்டார். நீ உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாய். எனக்கே வலிக்கிற மாதிரி இருந்தது, அப்படி நடித்தாய். இல்லாத நோய்க்கு வண்டி. இருக்கிற நோய்க்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகிறவரைக்கும் நான் சிரித்துக்கொண்டே கை ஆட்டினேன்.

அந்த ஊரில் அந்த மாசத்தில் ராத்திரி பத்து மணி ஆனாலும் இருட்டாதாம். இதை நீ திரும்பி வந்தபின் சொன்னாய். "எல்லாரும் துன்னுட்டு தூங்கப் பூடறாங்கய்யா, வெளிய வெளிச்சம் அப்டியே நிக்குது. எப்ப இருட்டும் எப்ப இருட்டும்னு ஜன்னலாண்ட குந்திக்கினே இருப்பேன். கண்ணு அசந்துடும். முழிச்சிப் பாத்தா விடிஞ்சி கீது." விடிந்தால் ஒன்று. அதைப் போட்டுக்கொள்வாய். ராத்திரி மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும். மகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பாள். அதனால் கேட்கவில்லை.

நேற்று தரையில் கொட்டி எண்ணினேன். வலிப்பு வந்து நீ விழுந்தது அங்கே போன நாற்பதாம் நாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்ததைத்தான் போட்டுக்கொண்டாய், இந்த டப்பாவைத் தொடவில்லை. எண்பது மாத்திரை போயிருக்க வேண்டும். போனது ஐம்பத்தேழு. இருபத்து மூன்று ராத்திரி நீ இருட்டுக்காகக் காத்திருந்து தூங்கிப்போயிருக்கிறாய்.

அன்றைக்குப் பேத்தி பிறந்து இருபத்திரண்டாம் நாள். மகள் குளிக்கப் போயிருந்தாள். நீ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாய். தொப்பென்று சத்தம் கேட்டு மகள் ஓடி வந்து பார்த்தால், நீ வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறாய். குழந்தை தள்ளி ஓரிடத்தில், தரையில் கிடந்து வீறிடுகிறது. இரண்டு பேரையும் ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு போனது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. படம் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. நினைவு வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "கொழந்தய நான் கீழ போடல. வெச்சிட்டுத்தான் உழுந்தேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டிருந்தார். உன் இருமல் எனக்குக் கேட்டது. "டாக்டர் கேக்கறாங்க மாமா. இதுக்கு முன்னாடி அத்தைக்கு இப்படி வந்திருக்கா?"

கண் முன்னால் அந்தக் காபித் தட்டும் சிரித்த கூடமும் வந்தன. ஆமாம் என்றால், பொய் சொல்லிப் பெண் கொடுத்தவன் ஆவேன். மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும்.

"இல்ல மாப்ள. இதான் மொத தடவ" என்றேன்.

அப்போது மகள் போனை வாங்கினாள். அழுதுகொண்டே கேட்டாள். "அப்ப அம்மாவுக்கு எப்படிப்பா முன்னாடியே தெரிஞ்சுது? மொத தடவையா வரும்போது, வரப்போகுதுன்னு எப்படித் தெரியும்? வெச்சேன் வெச்சேன்றாங்க. பாப்பா எவ்ளோ தூரத்துல கிடந்தா தெரியுமா? தூக்கிப் போட்டாத்தான்பா அவ்ளோ தூரம் போகும்."

நம் மகள் கெட்டிக்காரி. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். "எனக்கின்னாம்மா தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியும். உனக்கு வலிப்பு சும்மா வராது, சொல்லிவிட்டு வரும். "வயித்துலேர்ந்து இன்னாவோ ஏறுதுய்யா" என்பாய். அப்புறம் நாலு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். கல்யாணமான மறு வருஷம், இன்றைக்குக் கம்பெனிச் சுவர் ஓடுகிற இடத்தில் நமக்குக் கழனி இருந்தது. நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து வந்தவள் வரப்பில் நின்றாய். கட்டை இறக்கி வைத்தாய். உட்கார்ந்தாய். அதற்கப்புறம்தான் விழுந்தாய். ஒரு நாற்று கலையவில்லை. அரிவாள் கையில் இருந்தபோதும் அப்படித்தான், கொதிக்கிற உலை இருந்தபோதும் அப்படித்தான். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கையில் இருப்பதைக் கீழே வைக்காமல் நீ ஒரு நாளும் விழுந்தவள் இல்லை.

இந்த மகளே எட்டு மாசக் குழந்தையாக உன் இடுப்பில் இருந்தபோது வந்தது. நான் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அவளைச் சாக்கின்மேல் படுக்க வைத்தாய். சாக்கோடு சேர்த்து ஒரு கை தூரம் தள்ளினாய், உன் கால் அவளை உதைத்துவிடக் கூடாது என்று. பிறகு விழுந்தாய். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன், உன்னைத் தூக்காமல் அவளைத்தான் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தத் தூரத்தைத்தான் மகள், நீ வீசியெறிந்த தூரம் என்றாள். நான் உண்மையை விழுங்கிவிட்டு போனை வைத்தேன்.

அதற்கப்புறம் பத்து நாள் அங்கே இருந்தாய். யாரும் உன்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. கீரை ஆயக் கொடுத்தார்கள், துணி மடிக்கக் கொடுத்தார்கள். குழந்தை அழுது நீ எழுந்தால் மட்டும், மகள் உனக்கு முன்னால் எழுந்துகொள்வாளாம். "நீ ரெஸ்ட் எடும்மா" என்பாளாம். அப்புறம் டிக்கெட்டை முன்னதாக மாற்றி அனுப்பிவிட்டார்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து நாம் வந்த கார் படப்பையைத் தாண்டியது. பிறகு கேட்டாய்.

"நான் வெச்சேன்யா. நீ நம்புறியா?"

"நம்பாம?"

"அப்ப ஏன்யா சொல்லல?"

"பொண்ணு வாழணுமேமே" என்றேன்.

"அவ வாழறா" என்றாய். "நான் தூக்குனா கீழ போட்டுடுவேன்னு நெனச்சிக்கினே வாழறா." அதோடு சரி. சாகிறவரைக்கும் அதை நீ மறுபடி எடுக்கவில்லை. போனில் குழந்தையைக் காட்டும்போது எட்ட நின்று பார்ப்பாய். பதினான்கு மாசம் கழித்து ஒரு காலையில் நீ எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுபோனது என்றார் டாக்டர்.

காரியத்துக்கு மகள் மட்டும் வந்தாள், நாலு நாள். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அன்னிக்கி நான் ரொம்பப் பயந்துட்டேன்பா" என்றாள். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். உன் படத்தின் முன்னாலேயே இரண்டாவது தடவையும் விழுங்கினேன்.

உன் அப்பனாவது உனக்கு ஒரு வாழ்க்கை அமையட்டும் என்று மறைத்தார். நான் மறைத்தது எனக்காக. மகளுக்காக என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னதும் பொய்தான். அந்த 'இல்ல' இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது. சோறு மென்றாலும் அதுதான் பல்லில் படுகிறது.

அடுத்த வாரம் மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். பேத்திக்கு மூன்று வயது, முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருகிறாள். இந்தத் தடவை மாப்பிள்ளை இருந்தாலும் சரி, அவர் அம்மா இருந்தாலும் சரி, சொல்லிவிடுவேன். அவளை நீ படுக்க வைத்த சாக்கைச் சொல்வேன், அந்த ஒரு கை தூரத்தைச் சொல்வேன். "உன்னையும் அப்படித்தாம்மா வெச்சா" என்பேன். கேட்டால் நம்புவாள். நியாயம் தெரிந்த பெண்.

நம்பி, குழந்தையை இனிமேல் யார் கையில் கொடுப்பாள்?