பாலாற்றில் விட்ட கை

18-11-73, ஞாயிறு

காலையில் தூறல். எட்டு மணிக்குமேல் நல்ல வெயில். வசந்தாவின் தம்பி சேகர் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்து நாலு நாள். பொழுது போகவில்லை என்றான். பழவேலி வரை பஸ். அங்கிருந்து குன்றோரமாகப் பாலாற்றங்கரையில் மேற்கே நடை. புளிச்சோறு, அவனுடைய டிரான்சிஸ்டர். வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல், இப்போது தொடையளவு தண்ணீர். செம்மண் நிறம். நாணல் பூத்திருக்கிறது. மீன்கொத்தி மூன்று.

அக்கரைக்குப் போகலாம் என்றது நான்தான். சதுரங்கப்பட்டினத்துக் கடலில் நீந்தினவன், இதெல்லாம் ஒரு தண்ணீரா என்றேன். சேகருக்கு நீச்சல் தெரியாது. கையைக் கோத்துக்கொண்டு இறங்கினோம். நடு ஆற்றில் தண்ணீர் ஏறியது. மேலே எங்கோ மழை போல. அவன் கால் வழுக்கி என்மேல் சாய்ந்தான். என் கையை இறுக்கிப் பிடித்தான்.

உதறினேன்.

உதறிவிட்டுக் கரைக்கு வந்துவிட்டேன். கோரை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாளைப் போட்டுவிட்டு இறங்கினாள். அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இன்னாயா பாத்துகினு நிக்கிற? கால புடி!"

பிடித்தேன். நிறையத் தண்ணீர் கக்கினான். கண் மூடியிருந்தது. அவள் கோரைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டிரான்சிஸ்டர் ஆற்றோடு.

வீட்டுக்கு வந்ததும் சேகர் அக்காவிடம் சொன்னது: "மாமா இல்லன்னா இன்னிக்கு நான் இல்லக்கா. இழுத்துப் போட்டாரு."

மயக்கத்தில் இருந்தவன், நான்தான் என்று நினைத்துவிட்டான். நான் வாய் திறக்கவில்லை. வசந்தா கற்பூரம் சுற்றினாள்.

19, திங்கள்

விடாத மழை. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. சேகருக்கு லேசான காய்ச்சல். வாங்க: ரொட்டி, மாத்திரை, மண்ணெண்ணெய்.

பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஆபீசுக்குச் செய்தி போய்விட்டது. சூப்பிரண்டு டீ, போண்டா வரவழைத்தார். "எப்படிய்யா இழுத்தே?" என்றார். "முடியப் புடிச்சு சார்" என்றேன்.

அந்தப் பெண் செய்ததை அப்படியே. நானே கேட்டுக்கொண்டிருந்தேன், வேறு யாரோ பேசுவது போல.

20, செவ்வாய்

வசந்தா சேமியா பாயசம் வைத்தாள். எனக்கு மட்டும் முந்திரி அதிகம். டம்ளரைச் சேகர் பக்கம் தள்ளினேன்.

22, வியாழன்

சேகருக்குக் காய்ச்சல் விட்டது. ஊருக்குக் கிளம்பினான். அரை நாள் லீவு. பஸ் ஸ்டாண்டில், ஜன்னலோரம் நின்று சொல்லிவிட்டேன். கையை உதறியதை, அந்தப் பெண்ணை, எல்லாவற்றையும்.

"தெரியும் மாமா. கண்ணுதான் மூடிக்கினு இருந்துது. காது நல்லாக் கேட்டுது."

"பின்ன ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அக்காவுக்கு இது தெரிஞ்சா அப்புறம் உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கும்? வுடுங்க. பயத்துல எல்லாரும்தான்..."

டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். சேகர் கையாட்டினான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

24, சனி

வசந்தாவிடம் சொன்னேன். மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி மீன் வரை கழுவி முடித்தாள்.

"அந்தப் பொம்பள பேரு இன்னா?"

தெரியாது என்றேன்.

"கேக்கவே இல்லியா?"

நாளைக்கே அங்கே போகணும் என்றாள். இரவெல்லாம் தூக்கம் இல்லை.

25, ஞாயிறு

முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். குன்றோரமாக மூன்று மைல். வசந்தா முன்னால், நான் பின்னால். ஆறு கணுக்காலுக்கு இறங்கிவிட்டது, குழந்தைகள் விளையாடுகின்றன. கோரை அறுப்பவள் என்று விசாரித்ததும் குடிசையைக் காட்டினார்கள். பேர் கன்னியம்மா. கணவர் இல்லை, இரண்டு பெண்கள்.

"அந்தத் தம்பி நல்லா கீதா?" என்பதுதான் முதல் கேள்வி.

வசந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு புடவையும் பழமும் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள வைப்பதற்குள் பெரும்பாடு. கன்னியம்மா என்னைப் பார்த்தாள்.

"இவரு அன்னிக்கு வெடவெடன்னு நடுங்கினாரும்மா. பாவம்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

திரும்பும் வழியில் வசந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆபீஸ்ல இன்னா சொல்லி வச்சிருக்கீங்க?"

முடியைப் பிடித்த கதையையும் சொன்னேன்.

"நாளைக்குப் போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க."

26, திங்கள்

மழை இல்லை. பதினோரு மணி டீ நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன், காப்பாற்றியது நான் இல்லை என்று. சூப்பிரண்டு முதுகில் தட்டினார். "பாருங்கய்யா, எவ்ளோ அடக்கம் இந்த ஆளுக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்திருக்கலாம். பாதி உட்கார்ந்தும் விட்டேன்.

மறுபடி சொன்னேன். கையை உதறியதிலிருந்து, கன்னியம்மா பேரோடு.

யாரும் சிரிக்கவில்லை.