உதவிப் பக்கத்தில் வந்த முறுக்கு

ஈப்போ,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் தனேஷுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஷாமினி எழுதுவது. நாங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் உன்னையும் முருகன் அப்படியே வைத்திருக்கட்டும். இந்த மாத டின்னில் அடியில் முறுக்கு, மேலே ஓமப்பொடி. போன தடவை நொறுங்கி வந்தது என்றாயே, அதனால் சுற்றிலும் துணி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கால் ஆறிவிட்டது, தொழிற்சாலையில் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது, ராத்திரி கேட்டில் நிற்பதுதான் கஷ்டம். இப்போது சொல்வதைக் கேட்டுப் பதறாதே. போன ஞாயிறு பேப்பரில் நம் குடும்பம் வந்தது, உதவி கேட்கும் பக்கத்தில், கிட்னி கெட்டுப்போன ஒருவருக்குப் பக்கத்தில். நான் அழுவது போல் ஒரு படம், அப்பா வேலையில்லாமல் வீட்டில் கிடப்பதாக எழுத்து. மறுநாள் அப்பாவின் மேனேஜர் கூப்பிட்டு, கனகராஜ், நான் உனக்குச் சம்பளம் கொடுப்பதில்லையா என்று கேட்டாராம். அப்பா வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு சங்கத்திலிருந்து ஆறு பேர் பேனரும் அரிசி மூட்டையும் மைலோ டின்னுமாக வந்துவிட்டார்கள், படம் எடுக்க என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, ஆளுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தேன். தலைவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, அட, நல்லா இருக்கே லா, இத நீங்க வித்தா என்ன என்று கேட்டார். எட்டு வருடமாக விற்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாம் பக்கத்து வீட்டுப் புஷ்பலதா செய்த வேலை. சித்தியவான் ஊரில் கேக் செய்யும் ஒரு பெண் பேப்பரில் வந்ததும் ஆர்டர் குவிந்ததாம், நீயும் போடு துளசி, வெட்கப்பட்டா வியாபாரம் ஆவுமா என்று அவள்தான் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கேட்டால், சத்தியமா நான் இல்ல லா, என் புள்ள மேல ஆணை என்கிறாள். அவள் இரவல் கொடுத்திருந்த பெரிய குவாலிச் சட்டியைத் தேய்த்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன். சின்னச் சட்டியில் அடுத்த வாரப் பள்ளி ஆர்டரை எப்படிச் சுட்டு முடிப்பேனோ தெரியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, கப்பல்காரர்களோடு சேர்ந்து சிகரெட் பழகாதே, டின்னைக் கழுவித் திருப்பி அனுப்பு. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு ஐயா.
அம்மா துளசி.

அண்ணே, இதற்குக் கீழே நானாக எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார், அப்பா வேலையில். பேப்பருக்கு எழுதிப் போட்டது புஷ்பலதா அக்கா இல்லை, நான். மேலே அக்கா பெயரை அம்மா சொன்னபோது என் கை நிற்காமல் எழுதிவிட்டது, எப்படி எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. முதலில் எங்கள் முறுக்கு மிகவும் சுவையானது, வாங்கி ஆதரவு தாருங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. பிறகு விலைப்பட்டியல் அனுப்பினேன், அதற்கும் இல்லை. அப்புறம் ஒரு வீடியோவில் ஒருவர், நிருபருக்கு உன் சாமான் வேண்டாம், கதைதான் வேண்டும், ஒரு முகமும் வேண்டும் என்றார். அதனால் முதலாளி தோட்டத்தை விற்றபோது நாம் லயத்து வீட்டைக் காலி செய்தது, அப்பா மோட்டாரில் விழுந்தது, நீ தூரத்தில் இருப்பது, அம்மா நாலு மணிக்கு எழுவது எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா மறுபடி வேலைக்குப் போவதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன், சொன்னால் கதை பலமாக இருக்காது என்று நினைத்தேன். முகத்துக்கு, அம்மா அடுப்புப் பக்கத்தில் துண்டால் வேர்வை துடைக்கும் படத்தை அனுப்பினேன். கடைசியில் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித் தந்த மாதிரியே, தாங்கள் உதவிக்கரம் நீட்டுவீர்கள் என்று நம்புகிறேன் என்று முடித்தேன். எல்லாக் கடிதமும் அப்படித்தான் முடியும் என்று நினைத்திருந்தேன் அண்ணே. பேப்பர்காரர்கள் அதைப் படித்து நேராக உதவிப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பா, என் மேல் தப்பா என்று முதலில் குழப்பமாக இருந்தது.

நேற்று பள்ளிக்கூடத்துப் பொதுப் போனிலிருந்து பேப்பர் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். சுபாஷினி என்று ஒரு அக்கா பேசினார். என்னம்மா தங்கச்சி, உதவி கேட்டு எழுதிட்டு வியாபாரச் செய்தி போடலன்னா எப்படி என்று சிரித்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். வியாபாரப் பக்கத்துக்கு வேறு ஆள் இருக்கிறார், அவர் பெயருக்கு அனுப்ப வேண்டுமாம். நாலே வரி, உங்கள் முறுக்கில் மற்றவர்களிடம் இல்லாதது என்ன, அதை ஏன் இந்த மாதம் படிக்க வேண்டும், அவ்வளவுதானாம். பாவம் என்று தோன்ற வைத்தால் யாரும் வாங்க மாட்டாங்க, குடுப்பாங்க என்றார். திருத்தமும் போடுவார்களாம், ஆனால் அம்மாவே போனில் பேசிச் சம்மதம் சொல்ல வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள். அம்மா பேச வேண்டுமென்றால் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அப்பாவுக்கும் தெரியும். அப்பா என்னை அடிக்க மாட்டார், அன்று உட்கார்ந்த மாதிரி இன்னொரு தடவை உட்காருவார், அதுதான் பயமாக இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் புஷ்பலதா அக்கா செய்யாததற்குக் கெட்டவராகவே இருந்துவிடுவார். இன்று காலை பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, ஷாமினி, அம்மா சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டார்.

உனக்குத் தனியாக எழுதித் துணிக்கு அடியில் மறைத்து வைக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் டின்னுக்கு டேப் ஒட்டும் முன் கடிதத்தை மேலிருந்து கீழே வரை உரக்கப் படிக்கச் சொல்வது அம்மாவின் வழக்கம், அப்பாவும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், உனக்குத் தெரியும். அதனால்தான் வேறு தாள் எடுக்காமல் அம்மாவின் கையெழுத்து வரிக்கு நேர் கீழேயே தொடங்கினேன். காலையில் படிக்கும்போது அந்த வரியோடு நிறுத்துவேனா தொடர்வேனா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. நான் நிறுத்திவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டியிருக்கும். இது உன் கைக்கு வந்திருந்தால், நான் முழுவதையும் படித்துவிட்டேன் அண்ணே.

உன் தங்கை,
ஷாமினி