பம்பு உட்கார ஓர் இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் வேனை ரிவர்ஸ் எடுத்து எங்கள் மெக்கானிக் ஷெட் வாசலில் திருப்பப் பார்த்தேன். முடியவில்லை. பவர் இல்லாத ஸ்டீயரிங், நின்ற இடத்தில் திருப்பினால் கல்லைத் திருப்புவது போல. இடது கை தோள் வரைக்கும் விண்ணென்று தெறித்தது. காத்திருந்த கஸ்டமர்கள் மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் ஓடி வந்து, "இறங்கும்மா, நான் விட்டுடறேன்" என்றார். இறங்கினேன்.

மார்பில் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் கை வீங்குகிறது, இறுக்கமான உறை போட்டிருக்கிறேன். பதினாறு வருஷம் இந்த ஷெட்டில் எஞ்சின் இறக்கி ஏற்றியவளை அண்ணன் இப்போது கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார். போன் எடுக்க.

"வேனை வித்துடலாம்மா. எதுக்கு உடம்பைப் போட்டு வருத்திக்கறே?"

"கைதான் வீங்கியிருக்கு அண்ணா. மூளை வீங்கல."

மார்ச் 6, வியாழன்

கைக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். வண்டி ஓட்டலாமா, கூடாதா? "தாராளமா ஓட்டுங்க. முரட்டுத்தனமா இழுத்துத் திருப்பறதுதான் கூடாது." அவ்வளவுதானே! அப்படியென்றால் கோளாறு என்னிடம் இல்லை, ஸ்டீயரிங்கிடம். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும்.

பவர் ஸ்டீயரிங் செட் சொல்லிவிட்டேன். என் வண்டிக்கென்று யாரும் செய்வதில்லை. இதே எஞ்சினோடு பின்னால் வந்த மாடலுக்கானதுதான் கிடைக்கும். அண்ணனிடம் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

செட் வந்தது. அண்ணனுக்கும் தெரிந்துபோனது.

ஸ்டீயரிங்குக்குப் பலம் கொடுக்கும் ஆயில் பம்பு எஞ்சின் பக்கத்தில் உட்கார வேண்டும். முதலில் அட்டையை வெட்டி ஒட்டி அந்தப் பம்பு மாதிரியே ஒன்று செய்து, எஞ்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டையே போகவில்லை. பம்பின் வயிறு சேஸிஸ் சட்டத்தில் முட்டுகிறது. இரண்டு மில்லிமீட்டர். வெறும் இரண்டு!

அண்ணன் குனிந்து பார்த்தார். "சட்டத்துல ஒரு வாய் வெட்டிட்டா உக்காந்துடும்."

"சட்டத்தை வெட்டமாட்டேன். அதுதானே வண்டியோட எலும்பு?"

"அப்ப உக்காராது."

"உக்காரும்."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 12, புதன்

எப்படி?

மார்ச் 15, சனி

எஞ்சினே தொங்கிக்கொண்டிருக்கிறது! அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இரண்டும் நசுங்கிப்போயிருக்கின்றன. புது மவுண்டைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். இத்தனை வருஷம் இதன் மேல் கை வைத்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

மாற்றினேன். நட்டைத் தளர்த்தியது வலது கை. தூக்கியது ஜாக். பம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏழு மில்லி வந்துவிட்டது. ஆனால் நிற்கும்போது இருக்கிற இடைவெளியை நம்பக்கூடாது. இழுக்கும்போது எஞ்சின் சாயும். அண்ணியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டே கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னேன். நான் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்த்தேன்.

"வண்டி உன் மேல பாஞ்சா உங்கண்ணனுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

"பிரேக்கை விட்டுட்டேன்னு உண்மையைச் சொல்லுங்க அண்ணி."

நாலு மில்லி சாய்கிறது. மிச்சம் மூன்று. போதாது. லேத்காரரிடம் போனேன். எதைக் கேட்டாலும் "ஒரு மில்லி இருக்குமா?" என்பதால் அவர் பெயரே மில்லி. பம்பைத் தாங்கும் பிராக்கெட்டில் துளையை அஞ்சு மில்லி மேலே தள்ளிப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

பம்பு உட்கார்ந்தது. பானட் மூடவில்லை.

எஞ்சின் ஏறியதால் மேலே இருக்கும் ஏர் ஃபில்டர் டப்பாவும் ஏறிவிட்டது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டை பிடித்து டப்பா மேல் நாலு இடத்தில் வைத்து, பானட்டை அழுத்தி மூடித் திறந்தேன். ஒன்று அப்பளமாகிக் கிடந்தது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. சரி, அதையும் பார்த்துவிடுவோம். டப்பாவைக் கழற்றி பேட்டரி ஓரமாக மாட்டி, ரப்பர் குழாயில் இணைத்துவிட்டேன். மறுபடி களிமண். பதினாறு மில்லி இடைவெளி.

அண்ணன் போகிற போக்கில், "ஒரு ஸ்டீயரிங்குக்காக முழு வண்டியையும் பிரிச்சிட்டியே" என்றார். ஆமாம். பிரித்தேன். பூட்டவும் தெரியும்.

மார்ச் 22, சனி

ஓடியது. இருபது நிமிஷம், வெண்ணெய் மாதிரி. ஒற்றை விரலால் திருப்பினேன். சத்தமாகப் பாடினேன்கூட. பாலம் ஏறும்போது பானட் இடுக்கிலிருந்து புகை. ஓரங்கட்டி, இறங்கித் தள்ளி நின்றேன். ஸ்டீயரிங் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ், எக்ஸாஸ்ட் குழாய் பக்கமாக நான் விட்டது, உருகி ஓட்டை. சூடான இரும்பில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. தீப்பிடிக்காதது என் நல்ல நேரம்.

அண்ணன் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். ஷெட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம். திட்டுங்களேன் அண்ணா, ஏன் இப்படிப் பார்க்கறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?

மார்ச் 23, ஞாயிறு

அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஹோஸ் போன வழியைப் படம் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணன் ஒருவரை அழைத்து வந்தார். வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் அவர். வாங்க வந்தவர்! அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்தவரிடம் போனேன்.

"இது விற்பனைக்கு இல்லீங்க. உங்களை வீணா அலைய விட்டுட்டாங்க, மன்னிச்சுக்குங்க."

அவர் போனதும் அண்ணன் கத்தினார். "அன்னிக்கு நீ வண்டிக்குள்ள இருக்கும்போதே தீப்பத்தியிருந்தா? ஆஸ்பத்திரி வராண்டால பதினோரு மணி நேரம் உக்காந்திருந்தேன்டி. இன்னொரு தடவை என்னால உக்கார முடியாது."

அவருக்கும் ஒரு பயம் இருக்கிறதென்று எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

ஆனாலும் சொன்னேன். "உங்க பயத்துக்காக நான் கவுன்ட்டர்ல உக்காந்திருக்க முடியாதுண்ணா. தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். நீங்களே வந்து பாருங்க, குறை இருந்தா சொல்லுங்க. விக்கச் சொல்லாதீங்க."

அவர் வரவில்லை.

மார்ச் 29, சனி

இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மட்டும் இடம் பார்த்திருக்கிறேன். சூட்டுக்கும் இடம் விட வேண்டும், அதை மறந்தேன். படித்துப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்! தப்பு என்னுடையதுதான். ஹோஸை ரேடியேட்டருக்குக் கீழே, முன்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். சூட்டிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளியிருக்கிறது. நடுவே மில்லி வளைத்துக் கொடுத்த தகடு. உரசக்கூடிய மூன்று இடங்களில் கிளிப். எஞ்சின் சாயும்போது இழுபடாமலிருக்க ஒரு வளைவும் விட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வேனுக்கு அடியில் அண்ணனின் கால்கள். டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ரெண்டாவது கிளிப் கொஞ்சம் லூஸா இருந்துச்சு. இறுக்கிட்டேன்."

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன். மேடு, பள்ளம், சந்தை நெரிசல். பாலத்தையும் இரண்டு தடவை ஏறினேன். புகை இல்லை, சத்தம் இல்லை. திரும்பி வந்து ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கிற சூடுதான். அண்ணனும் தொட்டுப் பார்த்தார். கடைசி வரை மேலே இருக்கும் பிடியை விடாமல் பிடித்திருந்தவர், "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

ஏப்ரல் 24, வியாழன்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யும் பரிசோதனை. நானே ஓட்டிப் போனேன். ரிப்போர்ட்டில் புதிதாக எதுவும் இல்லை.

வரிசையில் பக்கத்தில் ஒரு டீச்சர். அவர் கையிலும் அதே உறை. நான் சாவியை வைத்திருந்ததைப் பார்த்து, "நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க?" என்றார். அவரிடமும் பழைய கார் ஒன்று இருக்கிறதாம். பவர் ஸ்டீயரிங் போட இடமே இல்லை என்று இரண்டு ஷெட்டில் கைவிரித்துவிட்டார்களாம்.

"வண்டி எங்கே?"

"கீழதான் நிக்குது. தம்பி ஓட்டிட்டு வந்தான்."

"வாங்க, பானட்டைத் திறங்க."

வெயிலில் குனிந்து கால் மணி நேரம் பார்த்தேன். நெருக்கடிதான். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரல்கூட நுழையவில்லை. ஆனால் பேட்டரியைப் பின்னால் தள்ளினால் ஒரு வழி இருக்கிறது.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். "திங்கக்கிழமை ஷெட்ல ஒரு வண்டிக்கு இடம் காலியா வைங்க. ஒரு கார் வருது."

"யாரு பாக்கப் போறது?"

"நான்தான்."

"சரி. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு வைக்கற வேலையை நான் பாத்துக்கறேன். அதுல மட்டும் கை வைக்காதே" என்றார்.

அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.