பலகைத் தட்டுக்கு மேலே

இன்று காலை தேவாலயத்தின் பக்கக் கதவைத் திறந்ததும் பழைய சுண்ணாம்பின் மணம் மூக்கில் ஏறியது. கூரையில் ஒழுக்கு. அதற்குக் கீழே அடித்திருந்த பலகைத் தட்டு ஊறி உக்கிவிட்டதால் வேலையாட்கள் நேற்றே உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். திறப்புக் கோர்வை என்னிடம் இருப்பதால் நான் போயிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். மறைக்க வேண்டாம் என்று நீர் சொன்ன அந்த அரைவட்டக் கூரை, இடையிடையே கறை படிந்து, அப்படியே இருந்தது.

கலியாணம் முடித்து நீர் இந்த நாட்டுக்கு வந்த முதல் மார்கழியில் உம்மை இங்கே கூட்டி வந்தேன். ஒருகாலத்தில் தோட்டங்களுக்கு நடுவே நின்ற கிராமத்துக் கோவில். மொன்ட்ரியால் பெருத்து அதை விழுங்கிவிட்டது. பிரெஞ்சுப் பூசை முடிந்தபின் தமிழ்ப் பூசைக்கு எங்களுக்குத் தந்தார்கள். எல்லாரும் ஹீட்டருக்குப் பக்கத்தில் இடம் தேட, நீர் சப்பாத்துப் பனியைக்கூடத் தட்டாமல் நடுவில் நின்று மெல்லிதாக ஒரு சுரம் பிடித்தீர். அது மேலே போய், கொஞ்சம் பொறுத்து, இறங்கி வந்தது. நீர் சிரித்தீர்.

பிறகு பூசை வைக்கும் சுவாமியாரிடம் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டீர். பழைய ஐரோப்பியக் கிராமங்களின் ரோமனெஸ்க் முறையைப் பார்த்துக் கட்டியது என்றார் அவர். பாரமான வளைவுக் கூரையைத் தாங்கத் தடித்த சுவர். சுவரின் பலம் குறையாதிருக்கச் சின்ன யன்னல்கள். அதனால் உள்ளே இருட்டு. "கண்ணுக்குக் குறைச்சதைக் காதுக்குக் குடுத்திருக்கினம்" என்று பஸ்சில் வரும்போது சொன்னீர். பாடகர் குழுவை மெதுவாகப் பாடப் பழக்கினீர். ஒரு வரி அடங்குமுன் அடுத்த வரியைத் தொடங்க விடமாட்டீர்.

குளிர்தான் பிரச்சினை. சூடெல்லாம் மேலே போய்விடும். கீழே வயதானவர்கள் நடுங்குவார்கள். பங்குச் சபை கூடி, கூரைக்குக் கீழே பலகைத் தட்டு அடிக்கலாம் என்றது. நீர் எழுந்து கதைத்தீர். கூட்டத்தில் நீர் கதைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"குளிருக்குக் கோட் இருக்கு. இதை மறைச்சால் பேந்து இந்த ஓசையை எங்களுக்கு ஆர் தாறது?"

சபைத் தலைவர் கோபப்படவில்லை. "தங்கச்சி, சனம் வராட்டி ஆருக்குப் பாடப்போறீர்?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. கை உயர்த்தச் சொன்னபோது நான் தட்டுக்குத்தான் உயர்த்தினேன். அந்த மாரிக் குளிரில் அம்மா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே, "மாமிக்காகத்தானே கை தூக்கினீங்கள்?" என்று கேட்டீர். ஓம் என்றேன். "அப்ப சரி" என்றுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனீர்.

தட்டு வந்தது. அதற்குப் பிறகு அம்மா ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. நீரும்தான், மைக் பிடித்துப் பாடினீர். தலையணைக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் மட்டும் சொன்னீர். உம்மைப் பெட்டியில் வைத்து நடுவில் கிடத்தியபோதும் அந்தத் தட்டுத்தான் மேலே இருந்தது. உம்முடைய குழு நன்றாகத்தான் பாடியது. ஆனால் ஒவ்வொரு வரியும் வாயை விட்டதுமே அவிந்துபோனது.

இனித் தட்டு அடிப்பதில்லை என்று சபை முடிவெடுத்திருக்கிறது. ஈரம் அடைபட்டு வளைவை அரிக்குமாம். சனம் இருக்கும் வாங்குகளுக்குக் கீழே சூட்டுக் குழாய் வரப்போகிறது. அப்போதே அதைச் செய்திருக்கலாமே என்று நீர் கேட்பீர். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். நான் நடுவில் தனியே நின்றேன். எனக்குப் பாட வராது, உமக்குத் தெரியும். வீட்டில் உம்மை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; எல்லாவற்றுக்கும் "இஞ்சாரும்" தான். இன்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது மேலே ஏறி, வளைவோடு போய், ஆறுதலாக இறங்கியது. முழுதாக அடங்கும்வரை நின்றேன்.

வாசலில் ஒரு வேலையாள் கோப்பியோடு நின்றிருந்தான். "சா வா, மிசியே?" என்று சுகம் கேட்டான். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உம்முடைய பெயர் என் வாயில் இருந்தது.