இடப் பக்கம் விழும் தட்டு

ஜூலை 7, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மழை மூன்று மணிக்கு மேல்தான் வரும். இரண்டு வாளித் துணி துவைத்தாயிற்று, காயப்போட இடமில்லை.

இவருடன் ஆற்றோரத் திடலுக்குப் போனேன். ஞாயிறு தவறாத டிஸ்க் கோல்ஃப். தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கூடைகளை, இவரோடு ஆடும் வியட்நாம் பையன் துவான் பைக்கில் கட்டிக்கொண்டு வருவான். தூரத்துக்கு எறியும் தட்டுக்கு டிரைவர் என்று பெயர். விளிம்பு மெலிசு. இவர் எறிந்தால் நேராகப் போய், கடைசியில்தான் இடப் பக்கம் சாயும். வாய்க்காலைத் தாண்டி அக்கரைப் புல்லில் இறங்கும். இன்றைக்குப் பாதியிலேயே இடப் பக்கம் திரும்பித் தண்ணீரில். திரும்பத் திரும்பத் தண்ணீரில். துவான் இடுப்பளவு இறங்கி எடுத்துக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

"பிளாஸ்டிக் சரியில்ல" என்கிறார்.

பழைய தட்டு ஆற்றோடு போனபிறகு மே மாதம் வாங்கியது இது. அதே அச்சு, பிளாஸ்டிக் மட்டும் உசத்தி. அப்போதே கொஞ்சம் இடப் பக்கம் இழுத்தது, காரணம் நான்தான் சொன்னேன். எங்கள் கம்பெனியில் செருப்பு அடிப்பாகத்துக்கு உருக்குகிற ஜாதி இது, ஆறும்போது சுருங்குவது வேறு மாதிரி, விளிம்பு ஒரு நூல் உயர்ந்து நிற்கும், அதனால் சீக்கிரமே இடப் பக்கம் திரும்பும் என்று. சொன்னது சரிதான். ஆனால் இவ்வளவு சீக்கிரமாகவா?

கை வேகம் குறைந்தாலும் தட்டு இப்படியேதான் விழும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கம்பெனி இருக்கிற பின் யுவோங் வரை பஸ்ஸில் நின்றபடியே. கால் வீக்கம். லேபில் ஈரம் பார்க்கும் மிஷின் மறுபடி மக்கர்.

மதியம் ஆள் இல்லாத நேரத்தில் இவருடைய தட்டை எடுத்துக் கடினம் அளந்தேன். ஊசியை அங்கங்கே குத்திப் பார்த்தேன். குமிழி இல்லை, கோணல் இல்லை. அருமையான சரக்கு. ஏதாவது ஒரு கோளாறு இருந்து தொலைத்திருக்கக் கூடாதா.

பக்கத்து மேசை ஹான் எட்டிப் பார்த்து, "நாய்க்கு எறியிற தட்டா?" என்றாள். புருஷருக்கு என்றேன். சாயங்காலம் வரை சிரித்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டார். "என்ன சொல்லுது ஒம் மிஷினு?"

"கொஞ்சம் கெட்டிதான் மச்சான். சாதா பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிப் பாருங்க. அது நேரா போவும்."

முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். அதைப் பார்ப்பதற்காகத்தான் சொன்னேன்.

காலையில் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன். அவசரம் என்றார். ஒன்றும் அவசரமில்லை.

ஜூலை 12, வெள்ளி

அரை நாள் லீவு. ஜும்ஆவுக்கு டோங் டு பள்ளிவாசல். நல்ல மழை. ஊரில் உம்மாவுக்குப் போன் செய்ய மறந்துவிட்டேன்.

வாசலில் குடை விரிக்கும்போது காதர் பாய் ஒதுங்கி வந்தார். நாகூர்க்காரர். இங்கே எங்களோடு தமிழ் பேசுகிறவர் அவர் ஒருத்தர்தான்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. தொழுவையில மாப்ள சஜ்தாவுலேந்து எந்திரிக்கையில எடது கையத்தான் ஊனுறாரு. வலது கை சும்மாவே இக்கிது. அடி கிடி பட்டுச்சா?"

அடி ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப டாக்டர்ட்ட காட்டுங்க."

வரும் வழியில் இவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். "எறிஞ்சி எறிஞ்சி தோளு புடிச்சிக்கிச்சி. பிளாஸ்டிக்கு கெட்டின்னு நீதான சொன்ன? அதோட மல்லுக்கட்டுனா இப்புடித்தான்" என்றார். சரி, தைலம் தேய்த்து விடுகிறேன் என்றேன். வலியே இல்லையாம். எனக்குப் பயமே அதுதான். வலி என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சும்மா பலம் மட்டும் போகிறது.

ஜூலை 14, ஞாயிறு

சாதா பிளாஸ்டிக் தட்டு வந்தது. மஞ்சள். மெழுகு தடவியதுபோல ஒரு வழவழப்பு. வேகமாக எறிந்தால் வலப் பக்கமே கொஞ்சம் சாயக்கூடிய ஜாதி.

துவான் எறிந்தான். நேராகப் போய், வலப் பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, அக்கரை.

இவர் எறிந்தார். இடப் பக்கம். தண்ணீர்.

"அவனுக்கு வயசு இருவத்தஞ்சி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார். மழைக் குளிரில் பிளாஸ்டிக் கொஞ்சம் இறுகும் என்றேன். சட்டையெல்லாம் வியர்வை எனக்கு. இந்த ஊரில் எங்கே குளிர்? ஆனாலும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடுகிறவருக்குக் கூடத்தைக் கோணலாக்கிக் கொடுப்பவள் நான்.

ஜூலை 18, வியாழன்

இதுவரை:
உசத்தி – இடது.
சாதா – இடது.
ரப்பர் கலந்தது (துவானிடம் இரவல்) – இடது.
எடை குறைந்தது – இடது.

சாயங்காலம் ஐஸ் காபித் தம்ளர் இவர் கைநழுவி விழுந்தது. தரையெல்லாம் காபி. "ஈரமா இருந்திச்சி" என்றார். கண்ணாடித் துண்டு பொறுக்க உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, அப்போது வாயில் வந்துவிட்டது.

"பிளாஸ்டிக்கு இல்ல மச்சான்."

"என்னது?"

"தட்டுல கோளாறு இல்ல. கையிலதான். டாக்டர்ட்ட போவோம்."

"நீ படிச்சவ. நீ சொன்னத நம்பித்தான் தட்டுக்கு மேல தட்டா மாத்துறேன். அப்ப சொன்னது பொய்யா?"

"மொதல்ல சொன்னது நெசம்தான்."

"அப்ப இதுதான் பொய்யி."

கோபம் வந்தால் இவர் என் சமையலைத்தான் தண்டிப்பார். சோறும் மீன் ஆணமும் தொடாமல் அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக் விஷயத்தில் இவர் நம்புகிற ஒரே வாய் என் வாய். அதை நானே கெடுத்து வைத்திருக்கிறேன். அல்லாஹ், எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 19, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரை ஆள் வந்து மாட்டினான். இவர் உதவிக்கு எழுந்திருக்கவில்லை.

ஆனால் பேச்சு திரும்பியது. "இன்னும் ஒரே ஒரு தட்டு. நீயே பாத்து எடு. அதும் எடது பக்கம் போனா, நீ கூப்புடுற எடத்துக்கு வர்றேன்." சத்தியமெல்லாம் இல்லை. ஆனால் சொன்னால் செய்கிற மனிதர்.

துவான் வீட்டுக்குப் போய் அவன் பையைக் கொட்டித் தேடினேன். எதை எடுக்க? கெட்டியானதை எடுத்தால் நிச்சயம் இடப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். ஆனால் ஏமாற்று. அடிபட்டு விளிம்பு தேய்ந்து மெத்தென்று ஆன சாதாத் தட்டை எடுத்தால், ஒருவேளை நேராகப் போய்விடலாம். அப்புறம் வரவே மாட்டார்.

துவானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. கெட்டியானதைக் கொடுங்கள், அவர் நல்லதுக்குத்தானே என்றான். அவனுக்குச் சுலபம்.

தேய்ந்ததை எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. இதிலும் இவரை ஏமாற்றத் தெம்பில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இலை அசையவில்லை. காற்றால்தான் என்று சொல்லக்கூட வழியில்லை.

தட்டை வளைத்துப் பார்த்தார். "இதவிட மெதுவு கெடையாதா?" கிடையாது என்றேன். பிஸ்மில்லா சொல்லி, ஓடிவந்து எறிந்தார்.

எதற்கு துஆ கேட்பது என்று தெரியாமல் நின்றேன். நேராகப் போ என்றும் போகாதே என்றும். தட்டு முதலில் நேராகத்தான் போனது. போய்விட்டது, தாண்டப்போகிறது என்று நினைத்தேன், சந்தோஷப்பட்டும் தொலைத்தேன். பிறகு இடப் பக்கம். தண்ணீர்வரைகூடப் போகவில்லை, இக்கரைப் புல்லிலேயே.

துவான் செல்போனைப் பார்ப்பதுபோல நின்றான். இவரே நடந்துபோய் எடுத்தார், இடது கையால். பேன்ட்டில் துடைத்தார்.

"நல்ல தட்டுதான்" என்றார்.

திரும்பும்போது பைக்கை நான் ஓட்டினேன். நினைத்தது நடந்துவிட்டது எனக்கு. ஹெல்மெட்டுக்குள் வழியெல்லாம் அழுகை. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை 24, புதன்

லீவு. ஆஸ்பத்திரியில் காலை முழுக்க. கூட்டம், பினாயில் வாடை. பக்கத்து நாற்காலிக் கிழவர் எங்களுக்கு ரம்புட்டான் பழம் கொடுத்தார். உரிக்க வேண்டுமே என்று இவர் வாங்கவில்லை.

நரம்பு டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வியட்நாமிய மொழி மட்டும். இவருக்கு அந்த பாஷை காய்கறிக் கடைக்கு மேல் போகாது. நடுவில் நான்.

டாக்டர் இவர் விரல்களை இழுத்துப் பார்த்தார். முழங்கையில் சின்னச் சுத்தியால் தட்டினார். இரண்டு கையையும் மேசைமேல் மல்லாத்தி வைக்கச் சொன்னார். வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வற்றிக் குழிந்திருக்கிறது. தினமும் பார்க்கிற கை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் கேட்டார், பிடித்த பொருள் நழுவுகிறதா, சின்ன வேலைகளுக்குச் சிரமப்படுகிறாரா என்று. இவரிடம் தமிழில் சொன்னேன்.

"இல்லன்னு சொல்லு" என்றார்.

டாக்டரிடம் திரும்பினேன். தம்ளரைச் சொன்னேன். பொத்தானை, தொழுகையில் எழுந்திருப்பதை. மே மாதத்திலிருந்து என்று சொன்னேன். பிளாஸ்டிக் பிளாஸ்டிக் என்று இவரை இவ்வளவு நாள் நிறுத்தி வைத்தது நான்தான் என்றும் சொன்னேன். அதை எதற்கு டாக்டரிடம்? ஆனால் நிறுத்த முடியவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு சொல்ல அந்த பாஷையில இவ்வளவு நேரமா ஆவுது?"