பாஞ்சாலையின் ஜோடி

ஜூன் 14, 2005
மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. எழுத வருகிறது, சோறு பிசைய வருகிறது. உப்புக் கூடை தூக்கத்தான் வராது.

ஏப்ரலில் உப்புக் குவியலில் ஏறும்போது பலகை முறிந்து விழுந்தேன். முதலாளி இன்றைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார் — லூர்துமேரி என்று அவர் உப்பளத்தில் யாருமே வேலை செய்யவில்லையாம். சுனாமி அடித்ததும் பாத்தியெல்லாம் சேறு வாரினது என் பேயா?

ஜூன் 20
ஃபாதர் சொன்னார் என்று திண்டிவனம் போய் வக்கீல் அமுதவல்லியைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவர். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்றார். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன் என்றேன். மேஸ்திரி முருகையன்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். போலீஸ் வந்தால் சீசன் நேரத்தில் எல்லாருக்கும் வேலை நின்றுவிடும் என்று பயம்.

வக்கீலம்மா திட்டவில்லை. நான் அங்கே வேலை செய்தேன் என்று சொல்ல ஒரு ஆள் போதும் என்றார். ஆளுக்கா பஞ்சம்? பாஞ்சாலை இருக்கிறாள். நானும் அவளும் ஜோடி. ஒருத்தி கூடையை நிரப்பித் தூக்கிவிட, மற்றவள் சுமப்பாள், அப்புறம் மாற்றிக்கொள்வோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஜூன் 21
பாஞ்சாலை சாட்சி சொல்ல மாட்டாளாம். “புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்கடி போவேன்? நாளைக்கே நிறுத்திடுவாங்க” என்கிறாள்.

என் மூஞ்சியிலேயே முழிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். போடி.

ஆகஸ்ட் 3
வக்கீலம்மா மரக்காணம் வந்தார். ரோட்டோரம் நின்று உப்பளத்தைப் பார்த்தோம். எல்லாரும் ஜோடி ஜோடியாக வேலை செய்ய, பாஞ்சாலைக்கு மட்டும் மேஸ்திரியே வந்து கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று வக்கீலம்மா கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவள் பேச்சை எடுக்கவே பிடிக்கவில்லை. வக்கீலம்மா மட்டும் வெயிலில் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 12
நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் கமிஷனரிடம் மனு போட்டாச்சு. முதலாளியை எதிர்த்து நம்மால் முடியுமா என்கிறார் என் வீட்டுக்காரர். முடியும்.

மார்ச் 9, 2006
விசாரணை. முதலாளி பக்கத்துச் சாட்சி மேஸ்திரி. என்னை உப்பளத்தில் பார்த்ததே இல்லை என்றார், தரையைப் பார்த்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வக்கீலம்மா எழுந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பு எப்படி அள்ளுவது, ஜோடி எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். வேலையைப் பற்றிப் பேசவிட்டால் மேஸ்திரி நிறுத்தவே மாட்டார். கடைசியில், பாஞ்சாலைக்கு யார் தூக்கிவிடுவது என்றார்.

“நான்தாங்க. அத்த ஏன் கேக்குறீங்க, ஜோடி சேக்க உட மாட்றா. லூர்து கை சரியாயி வர்ற வரைக்கும் அந்த எடத்துல யாரும் நிக்கக் கூடாதுன்றா.”

“எந்த லூர்து?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கமிஷனர் எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பாவி, எங்கிட்ட ஏன்டி சொல்லல? உடனே போய்ப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை போகக் கூடாது, அவள் வேலைக்கு ஆபத்து என்று வக்கீலம்மா தடுத்துவிட்டார்.

ஜூலை 5
ஜெயித்துவிட்டோம். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி முதலாளிக்கு உத்தரவு. வக்கீலம்மாவுக்கு இறால் கொண்டுபோனேன். சைவமாம்!

ஜூலை 6
உப்பளத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் மேஸ்திரி தூரப் போய் நின்றுகொண்டார். பாஞ்சாலை நிரப்பின கூடையோடு நின்றிருந்தாள். ஒரு வருஷமாகப் பேசாதவள் முன்னால் போய் நின்றேன். கையைத் தூக்கிக் காட்டினேன். தோளோடு நின்றது. இனிமேல் இவ்வளவுதான் என்றேன்.

இந்த சீசனில் புதிதாகச் சேர்ந்த பொன்னி பக்கத்தில் இருந்தாள். “நீ வந்து இவளுக்குத் தூக்கி உடு” என்று கூப்பிட்டேன். பாஞ்சாலை என் கையை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் குனிந்தாள். கூடை தலைக்கு ஏறியது.

வரப்பில் நாலடி போனவள், திரும்பாமலே சொன்னாள்: “சாயந்திரம் ஊட்லயே இருடி. வர்றேன்.”